வெண்பட்டைப் பைன்

வெண்பட்டைப் பைன் (பைனஸ் அல்பிகாலிஸ்) என்பது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள உயர்மலைகளில் வளரும் ஒரு பைன் மர இனமாகும். தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கல்மன் 1863 இல் இதற்கு அறிவியற் பெயரை வழங்கினார். இலத்தீன் மொழியில் அப்பெயர் வெண்ணிறத் தண்டைக் குறிக்கும். இம்மரம் விதை பரவலுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பறவை இனத்தையே சார்ந்துள்ளது.

பரவலும் தோற்றமும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்களிலும், ஐக்கிய அமெரிக்காவின் ராக்கி, காஸ்கேடு, சியேரா நெவாடா மலைத்தொடர்களிலும் இது காணப்படுகின்றது. சியேரா நெவாடாவில் 3,000 மீட்டருக்கும் மேல் வளர்கின்றது. வடக்கே செல்லச் செல்ல இவ்வுயரம் குறையும். ஊசி இலைகள் ஐந்தைந்தாகக் கொத்தாக அமைந்திருக்கும். காற்று மறைவான இடங்களில் 20 மீட்டர் வரை வளரும் இம்மரம், மர எல்லையில் கடுங்காற்றினால் தரையோடு படர்ந்த குறும்புதராகவே நின்றுவிடுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மரங்களும் உள்ளன.

விதை பரவல்

பெரும்பாலான பைன் மரங்களின் கூம்புகள் முற்றியதும் விரிந்து, சிறகுள்ள விதைகளைக் காற்றில் விடுகின்றன. வெண்பட்டைப் பைனின் கூம்புகள் தாமாக விரிவதில்லை. விதைகளுக்குச் சிறகும் இல்லை. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த கிளார்க் கொட்டையுடைப்பான் என்னும் பறவை, தன் அலகால் கூம்பைப் பிளந்து விதைகளை எடுத்து, நாவின் அடியிலுள்ள பையில் நிரப்பிச் செல்கின்றது. பின்னர் அவற்றைச் சில விதைகள் கொண்ட சிறு குவியல்களாக, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணில் புதைக்கின்றது. குளிர்காலத்திலும் அடுத்த இளவேனிலிலும், புதைத்த இடங்களை நினைவிற்கொண்டு தோண்டி உண்கின்றது. உண்ணப்படாமல் எஞ்சியவையே முளைத்து மரமாகின்றன. ஒரே இடத்தில் பல மரங்கள் நெருங்கி நிற்பதற்கு இதுவே காரணமாகும்.

சூழலியல் முக்கியத்துவம்

பிற மரங்கள் எளிதில் வேரூன்ற முடியாத இடங்களில் முதலில் வளர்ந்து, அவற்றின் நாற்றுகளுக்கு இது நிழலும் மறைப்பும் தருகின்றது. பனியைத் தேக்கி, அது மெதுவாக உருக உதவுகின்றது. யெல்லோஸ்டோன் பகுதியில், செவ்வணில்கள் சேமித்த கூம்புகளைக் கிரிசிலிக் கரடிகள் தோண்டி, கொழுப்புச் சத்து மிக்க விதைகளை உண்கின்றன. விளைச்சல் குன்றிய ஆண்டுகளில் கரடிகள் வேறு உணவு தேடித் தாழ்வான பகுதிகளுக்கு வருவதால், மனிதர்களுடன் மோதல் அதிகரிக்கின்றது.

அச்சுறுத்தல்கள்

* கொப்புளத் துரு நோய்: ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட பூஞ்சையால் ஏற்படுவது. ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட நாற்றுகளுடன் 1910 இல் வான்கூவர் வழியாக மேற்கு வட அமெரிக்காவை அடைந்தது. கூம்பு தாங்கும் மேற்கிளைகள் முதலில் பட்டுப்போவதால், மரம் இறக்கும் முன்னரே விதை உற்பத்தி நின்றுவிடுகின்றது.
* மலைப் பைன் வண்டு: முதிர்ந்த பெருமரங்களைத் தாக்குகின்றது. குளிர்காலக் கடுங்குளிர் குறைந்ததால் உயர்மலைகளிலும் பெருகியுள்ளது.
* காட்டுத்தீத் தடுப்பு: தீயினால் உருவாகும் திறந்தவெளிகள் குறைந்து, நிழலில் வளரும் பிற மரங்கள் இடம்பிடிக்கின்றன.

கூம்புகள் மிகவும் குறைந்த காட்டிற்குப் பறவைகள் வருவது அரிதாகின்றது. கொட்டையுடைப்பான் வேறு பைன் விதைகளை உண்டு வாழ இயலும். ஆனால் இம்மரத்திற்கு இப்பறவைக்கு ஈடான மாற்று இல்லை. எனவே எஞ்சிய மரங்கள் உயிருடன் இருந்தாலும் காடு புதுப்பிக்கப்படாமல் போகலாம்.

பாதுகாப்பு

கனடா 2012 இல் இதனை அருகிய இனமாகச் சட்டப் பட்டியலில் சேர்த்தது. ஐக்கிய அமெரிக்கா 2022 டிசம்பரில் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. நோயினால் அழிந்த காடுகளில் நலமாக நிற்கும் மரங்களின் கூம்புகளைப் பறவைகள் எடுக்காதவாறு கம்பி வலைக் கூடுகளால் மூடி, விதைகளைச் சேகரிக்கின்றனர். அவற்றின் நாற்றுகளைத் துரு நோய்க்கு உட்படுத்தி, எதிர்ப்புத் திறனுள்ள தாய் மரங்களைக் கண்டறிகின்றனர். ஆயினும் நட்ட நாற்று கூம்பு தாங்க 20 முதல் 30 ஆண்டுகளும், நிறைவான விளைச்சல் தர அதனினும் நெடுங்காலமும் ஆகும். அதுவரை விதை தரும் முதிர்ந்த மரங்களைக் காப்பதும் இப்பணியின் பகுதியாகும்.