பாண்டியர் லாயத்துப் பரிகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்த காயல் துறையில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளுக்காகப் பாண்டியர் பொக்கிஷத்திலிருந்து வெளியேறிய பொன் கொஞ்சநஞ்சமன்று. கிஷ் தீவின் வர்த்தகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும், நடுக்கடலில் மாண்ட பரிக்கும் அவ்விலையே அளிக்கப்பட்டதென்றும் பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார்.

இத்துணைத் திரவியம் கொட்டிப் பெற்ற பரிகளுள் ஆண்டு முடிவில் எஞ்சியவை மிகச் சில. வறுத்த தானியத்தை நெய்யோடு கலந்து ஊட்டிக் காய்ச்சிய பசும்பாலைப் புகட்டினர் என்கிறார் வஸ்ஸாஃப். சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தனர் என்கிறார் மார்க்கோ போலோ. அன்பில் குறைவில்லை, பரிமருத்துவம் அறிந்தோர்தாம் இல்லை. அத்தகையோர் வந்துவிட்டால் தங்கள் வியாபாரம் குன்றுமென்றஞ்சிய வணிகர் அவர்களைக் கப்பலேற்ற மறுத்தனர் என்று போலோ கூறுவதை நோக்குங்கால், பழி முழுவதையும் லாயத்து ஏவலர்மேல் சுமத்துவது நியாயமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. உயர்ந்த பெட்டை ஈன்ற குட்டியும் கால் கோணிப் பிறந்து சவாரிக்கு உதவாமற் போகவே, பாண்டியர் மறுபடியும் மேற்கிலிருந்து வரும் மரக்கலங்களையே எதிர்நோக்க நேர்ந்தது.