லார்ப் என்றால் என்ன? மேசையில் பகடை உருட்டுவதை விட்டுவிட்டு, வாளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவது ஏன்?

பூட்டிய கதவு ஒன்றின் முன் நிற்கிறீர்கள். அந்தப் பக்கம் ஒரு காவலாளி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றால், "சத்தமில்லாமல் பூட்டைத் திறக்கிறேன்" என்று சொல்லிவிட்டு 20 பக்கப் பகடையை உருட்டுவீர்கள். 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்பது நிபந்தனையானால், உங்கள் வாய்ப்பு 30 சதவீதம்.

லார்ப் என்றால் கதவு நிஜமாகவே அங்கே இருக்கும். நீங்கள் குனிய வேண்டும். கை நடுங்கும், செருப்பு கிறீச்சிடும். சதவீதக் கணக்கு எதுவும் உதவாது.

லைவ் ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் என்பதன் சுருக்கம்தான் லார்ப். ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அதன் உடையில், அதன் பெயரில், சில மணி நேரமோ சில நாட்களோ நீங்களே நடந்து, பேசி, சண்டை போட்டு வாழ்வது. நாடகம் மாதிரி தெரியும். ஆனால் எழுதித் தந்த வசனம் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. அங்கே இருக்கும் எல்லோருமே ஆடுபவர்கள்தான்.

எங்கிருந்து வந்தது?

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான். சில வருடங்களிலேயே, உட்கார்ந்து சொல்வதை எழுந்து செய்து பார்த்தால் என்ன என்று பலருக்கும் தோன்றிவிட்டது. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 1982-ல் 'ட்ரெஷர் ட்ராப்' தொடங்கியது. நிஜக் கோட்டை, நிஜ இருட்டு, பொய் வாள். பிரிட்டிஷ் லார்ப்பின் தொடக்கமாகப் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இன்று அந்த வாள்களே ஒரு தனித் தொழில். நடுவில் ஃபைபர் கிளாஸ் கம்பி, மேலே ஸ்பாஞ்ச், அதன்மேல் லேடெக்ஸ் பூச்சு. உங்கள் மேல் எத்தனை அடி விழுந்தது என்பதைப் பல இடங்களில் நீங்களேதான் எண்ணிக்கொள்ள வேண்டும். நடுவர் பக்கத்தில் நிற்க மாட்டார். ஏமாற்ற நினைத்தால் ஏமாற்றலாம். அப்படிச் செய்பவரை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மேசையில் ஐந்து ஆட்டக்காரர்கள், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் ஒருவர் என்று வச்சுக்கோங்க. நான்கு மணி நேர ஆட்டம், அதாவது 240 நிமிடம். ஆறு பேரும் சமமாகப் பேசினால் உங்கள் பங்கு 40 நிமிடம். மீதி 200 நிமிடம் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நடைமுறையில் கேம் மாஸ்டர் இன்னும் அதிகம் பேசுவார் என்பதால் உங்கள் 40 இன்னும் குறையும். நூறு பேர் ஆடும் லார்ப்பில் நூறு பேரின் கதையும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. நான்கு மணி நேரமும் உங்களுடையதுதான்.

நேரமும் அங்கே வேறு மாதிரி நகரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் சண்டையின் ஒரு சுற்று என்பது கதைக்குள் சுமார் ஆறு விநாடி. மேசையில் அந்த ஆறு விநாடியை ஆடி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். லார்ப்பில் ஆறு விநாடிச் சண்டைக்கு ஆறு விநாடிதான். யோசிக்க நேரமே இருக்காது.

இதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது ரகசியம். மேசையில் இரண்டு பேர் சேர்ந்து உங்களுக்கு எதிராகச் சதி செய்தால், பெரும்பாலும் அது உங்கள் காது முன்னாலேயே நடக்கும். கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி நடிக்க வேண்டும். லார்ப்பில் அந்த இருவர் மாடிப்படிக்குக் கீழே நின்று பேசியிருப்பார்கள். உங்களுக்கு நிஜமாகவே தெரியாது. துரோகம் வெளிப்படும் நொடியில் வயிற்றில் ஏதோ புரளும் பாருங்கள், அதற்கு நடிப்பு தேவையில்லை. ஹாஸ்டலில் ராத்திரி 'மாஃபியா' ஆடி, உயிர் நண்பனே கொலைகாரன் என்று தெரிந்து கடுப்பானவர்களுக்கு இது புரியும். அதையே மூன்று நாள், கோட்டைக்குள், முழு உடையோடு ஆடினால் எப்படி இருக்கும்?

அதைத்தான் போலந்தின் சோகா கோட்டையில் 2014 நவம்பரில் செய்தார்கள். 'காலேஜ் ஆஃப் விஸார்ட்ரி' என்று பெயர். மந்திரவாதிகளின் கல்லூரியில் நீங்கள் மாணவர், அல்லது ஆசிரியர். முதலில் ஹாரி பாட்டர் உலகத்தில் நடந்தது, பிறகு தங்களுக்கென்று ஒரு உலகத்தை உருவாக்கிக்கொண்டார்கள். டென்மார்க்கின் ஹோப்ரோ ஊரில் இதையே பாடமுறையாக வைத்து ஒரு உறைவிடப் பள்ளி 2006-ல் இருந்து நடக்கிறது. அங்கே பாடங்கள் ரோல்பிளே வழியாகத்தான்.

பகடை செய்யும் நியாயம்

இவ்வளவு சொன்னாலும் நான் கொஞ்சம் மேசைக் கட்சி. காரணம் பகடைதான்.

நாலு பேர் முன்னால் பேசவே கூசும் ஒருவர் மேசையில் ராஜதந்திரியாக ஆடலாம். "அரசரிடம் பேசி மனதை மாற்றுகிறேன்" என்று சொன்னால் போதும். பகடை எண்ணோடு அந்தக் கதாபாத்திரத்தின் பேச்சுத் திறனுக்கான போனஸ் எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். லார்ப்பில் அந்தப் பேச்சை அவரேதான் பேச வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கில் யார் ஜெயிக்கிறாரோ, அரசவையிலும் பெரும்பாலும் அவரேதான் ஜெயிப்பார். வேறொருவராக ஆகத்தான் போகிறீர்கள், ஆனால் உங்கள் குரலும் மூட்டுவலியும் கூடவே வந்துவிடும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசையில் டிராகன் மேல் பறப்பது ஒரு வாக்கியம். கோட்டையில் முதல் தடையே படிக்கட்டு.

செலவும் உண்டு. மேசை ஆட்டத்தின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். ஐரோப்பியக் கோட்டை லார்ப் என்றால் டிக்கெட்டே சில நூறு யூரோ, அதற்கு மேல் விமானம், விசா, உடை.

லார்ப் ஆடுபவர்கள் இந்தக் குறையை உணராதவர்கள் இல்லை. 1991-ல் வந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' மேசை ஆட்டத்துக்கு 1993-ல் லைவ் வடிவம் வந்தபோது, யார் ஜெயிப்பது என்பதை கல்-காகிதம்-கத்திரிக்கோல் வைத்து முடிவு செய்தார்கள். ஆக, பகடை கை விரல்களுக்கு வந்துவிட்டது. நோர்டிக் நாட்டவர்கள் வேறு பதில் தருகிறார்கள். கதாபாத்திரம் ஒரு சாக்கு என்பது அவர்கள் வாதம். 'செய்தது நானில்லை, அவள்' என்று சொல்ல ஒரு சாக்கு கிடைத்ததும், கூச்சப்படுபவர்கள்கூட எழுந்து நின்று கத்துகிறார்கள், அழுகிறார்கள். சிலருக்கு இது பலிக்கும். எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகும் முடியாதது

அந்தச் சாக்குக்கு ஒரு விலையும் உண்டு. கதாபாத்திரத்தின் காதலோ கோபமோ துக்கமோ ஆடியவரிடமே தங்கிவிடுவதுண்டு. லார்ப் உலகில் இதை 'ப்ளீட்' என்கிறார்கள், கசிவு என்று வைத்துக்கொள்ளலாம். மேசையிலும் கசியும். ஆனால் அங்கே இடையில் ஒரு காகிதம், ஒரு பகடை, ஒரு தட்டு சிப்ஸ் இருக்கிறது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் 'செத்துப்போகும்போது' அந்த இடைவெளி கிடையாது.

2011-ல் நார்வேயில் முதலில் ஆடப்பட்ட 'ஜஸ்ட் எ லிட்டில் லவின்' இதற்கு நல்ல உதாரணம். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் எய்ட்ஸ் பரவிய காலம்தான் கதை. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் ஜூலை 4 விருந்துகளில் அதே நண்பர் கூட்டம். யாருக்கு நோய், யாருக்குச் சாவு என்பதை இடைவேளைகளில் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கும். கவனியுங்கள், உடம்பால் முடிவு செய்ய முடியாத இடத்தில் இங்கேயும் அதிர்ஷ்டத்தைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இதனால்தான் நல்ல லார்ப்களில் நிறுத்தச் சொற்கள் உண்டு. நோர்டிக் ஆட்டங்களில் 'கட்' என்றால் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும், 'பிரேக்' என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முடிந்ததும் உடையைக் கழற்றி, சொந்தப் பெயரில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கலைவார்கள். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து என்று 1997-ல் இருந்து மாறி மாறி நடக்கும் க்னூட்டபுங்க்ட் மாநாடு இந்த மாதிரி விஷயங்களை வருடா வருடம் அலசுகிறது.

ஆடிப் பார்க்க வேண்டுமா?

கோட்டை வேண்டாம், வாளும் வேண்டாம். 'சேம்பர் லார்ப்' என்று ஒரு வகை இருக்கிறது. ஏழெட்டு பேர், ஒரு ஹால், மூன்று மணி நேரம் போதும். சாதாரண உடையிலேயே ஆடலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டக் குறிப்புகளில் ஆங்கிலத்தில் உள்ளவையே நிறைய. ஏற்கெனவே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் குழு உங்களிடம் இருந்தால் அவர்களையே கூப்பிடுங்கள். தொடங்குவதற்கு முன் நிறுத்தச் சொல் என்ன என்பதை எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நடுவில் யாராவது கத்தத்தான் போகிறார்கள்.