புல்தரைக்கு ஐயாயிரம் ரூபாய்

தேவராவில் எங்கள் பிளாட் பால்கனியில் நின்றால் காயல் தெரியும். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். கோடை வந்ததும் காணாமல் போகும். தண்ணீர் உப்பாகிவிட்டது என்று அர்த்தம். ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர். லிஃப்ட் கதவிலோ ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு நோட்டீஸ்: செடிகளுக்கு ஹோஸ் பைப் பிடிக்காதீர்கள், கார் கழுவாதீர்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பிறகு கொஞ்சம் பழைய கதை படித்தேன். பக்கத்தில் இருக்கிற மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் கிணறு தோண்டினால் உவர்ப்பு. நல்ல தண்ணீர் வேண்டும் என்றால் ஆலுவாய் பக்கம் பெரியாற்றில் முகந்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். காசு உள்ளவர்கள் வாங்கினார்கள், இல்லாதவர்கள் உவர்த்தண்ணீரைக் குடித்தார்கள். (அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் யானைக்கால் நோய்க்கு 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தார்கள். உண்மையில் கொசு.) 1914-ல் சொவ்வரையில் நீரேற்று நிலையம் வந்த பிறகுதான் எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் குழாய்த் தண்ணீர்.

வள்ளத்தில் வந்த தண்ணீரை எந்தப் புத்தியுள்ளவனும் புல்லுக்கு ஊற்றியிருக்க மாட்டான். அதற்குத் தடை உத்தரவும் தேவைப்பட்டிருக்காது. தடை வர வேண்டுமானால் முதலில் குழாய் வர வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மறந்து போக வேண்டும். இது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாகப் புரிந்தது.

என் அக்கா குடும்பம் பெங்களூரின் தென்கிழக்குப் பக்கம், ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஏரியாவில் இருக்கிறது. அந்த மார்ச்சில் ஒரு நாள் காலை போன் பண்ணினாள். "டேய், செடிக்குத் தண்ணி ஊத்தினா ஐயாயிரம் ரூபா அபராதமாம்டா. கேட்டியா கூத்தை?"

கூத்து இல்லை, நிஜம். பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியம் 2024 மார்ச் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் உத்தரவு போட்டது. குடிக்கத் தகுந்த தண்ணீரை வாகனம் கழுவ, தோட்டத்துக்கு, கட்டிட வேலைக்கு, அலங்கார நீரூற்றுக்கு, சாலை வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய். மறுபடி மறுபடி மீறினால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 500. சட்டம் புதிதில்லை, 1964-ம் வருட வாரியச் சட்டம்தான். அந்த மாதம் முதலமைச்சர் சித்தராமையா சொன்ன கணக்கு இது: நகரத்துக்குத் தேவை நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர், பற்றாக்குறை சுமார் 50 கோடி. அரசு போட்ட சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன.

'தோட்ட நகரம்' என்று பெயர் வாங்கிய ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டால் குற்றம். எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள்?

பெங்களூர் தோட்டங்களின் கதையில் நம்மவர்கள் பங்கு பெரியது. 1760-ல் ஹைதர் அலி லால்பாக்கை ஆரம்பித்தார். அதில் வேலை செய்யத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து தோட்டக்காரர்களை அழைத்து வந்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அவர்கள்தான் திகளர்கள். வீட்டில் பேசுவது தமிழ் கலந்த ஒரு பேச்சு, தொழில் பூவும் காய்கறியும். வருடா வருடம் பெங்களூர் கரகம் எடுப்பவர்களும் அவர்களே. ஏரிக்குக் கீழே தோட்டம், ஏரி நிரம்பினால் பாய்ச்சல், குறைந்தால் குறைவாகப் பயிர். ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்பது கரையில் நின்றாலே தெரியும். அபராதம் போட ஆள் வேண்டியதில்லை.

அந்த ஏரிகள் எங்கே? மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருப்பீர்கள், அது தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. சம்பங்கி ஏரித் தண்ணீரை நம்பித் திகளர் தோட்டங்கள் இருந்தன. ஊர் வளர வளர ஏரி சுருங்கியது, தோட்டமும் போனது. இன்றைக்கு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளம் மட்டும் மிச்சம். அதையும் விட்டு வைத்திருப்பது கரகச் சடங்குக்காக.

ஏரிகளின் மவுசு குறைய ஒரு காரணம் குழாய்த் தண்ணீர். அதைக் கொண்டு வந்த திவான் யார் தெரியுமோ? சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். நான் ஊருக்கு ரயிலில் போகும்போதெல்லாம் தாண்டிப் போகிற பாலக்காடுதான். அவர் காலத்தில் 1894-ல் ஹெசரகட்டா திட்டம் ஆரம்பித்து, 1896-ல் அர்க்காவதித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. கப்பன் பார்க்கில் அவருக்குச் சிலையும் இருக்கிறது, அவர் பெயரில் நூலகக் கட்டிடமும் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலராவும் பஞ்சமும் பார்த்த தலைமுறைக்குக் குழாய் என்பது உயிர். ஆனால் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. பற்றவில்லை என்றால் இன்னும் தூரம் போ என்று சொல்லும். 1933-ல் திப்பகொண்டனஹள்ளி. 1974-ல் காவிரி முதல் கட்டம். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி வருகிற தண்ணீர். அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம்.

காவிரி என்றதும் எங்கள் வீட்டில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். அக்கா காவிரியின் ஒரு முனையில் இருக்கிறாள் என்றால், அண்ணன் இன்னொரு முனையில், நீடாமங்கலம் பக்கத்தில், கடைமடையில் விவசாயம். 2023-ல் மேட்டூரை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்தார்கள். மழை பொய்த்தது. செப்டம்பரில் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று 26-ம் தேதி பெங்களூர் பந்த், 29-ம் தேதி கர்நாடகா பந்த். சாதாரணமாக ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீர் அக்டோபர் 10-லேயே நின்றது. அண்ணன் குறுவையில் போட்ட பணத்தில் பாதி கூடத் திரும்ப வரவில்லை. அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான் இந்த உத்தரவு வருகிறது. அண்ணனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "புல்லுக்கா? நம்ம தண்ணியவா?" என்றார்.

நான் வங்கிக்காரன், எனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25-ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-ல் 10 டி.எம்.சி. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில் போனது. மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. அதற்கு முன் 2007-ல் நடுவர் மன்றம், நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று கணக்கிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் நகரம் முழுவதற்கும் என்று எடுத்துக்கொண்டது. 4.75 டி.எம்.சி.யை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு சுமார் 37 கோடி லிட்டர். குடிக்க என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், அண்ணனும் மறுக்க மாட்டார். அக்கா பிள்ளைகள் குடிப்பதும் அதைத்தானே. புல்லுக்கு என்று யாரும் கோர்ட்டில் கேட்கவில்லை.

இப்போது புல்லைப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடிப் புல்தரை. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று வையுங்கள், சுமார் 460 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. ஆக மூன்று ஆளுக்கு மேல். இதற்கு என்ன செலவு? பெங்களூரில் 2014-ல் வைத்த வீட்டுக் கட்டணம்தான் 2025 ஏப்ரல் வரை நடந்தது. மிக உயர்ந்த படியிலேயே ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய். அதாவது 460 லிட்டருக்கு 21 ரூபாய் கூட இல்லை. சரி, லாரித் தண்ணீர்? அந்த மார்ச்சில் அரசு விலை நிர்ணயம் செய்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரி 1,000 ரூபாய். அந்த விலையிலும் 460 லிட்டர் 40 ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு காபி விலை. விலையை வைத்து இந்தப் பழக்கத்தை நிறுத்த முடியாது. அதனால்தான் அபராதம்.

அபராதம் வேலை செய்ததா? மார்ச் கடைசி வாரத்தில் செய்தி வந்தது: மூன்று நாளில் 22 வீடுகள், 1.1 லட்சம் வசூல். (22 பெருக்கல் 5,000, கணக்கு சரி!) பெரும்பகுதி தென்கிழக்குப் பகுதியில். பத்து லட்சத்துக்கும் மேல் இணைப்பு இருக்கிற ஊரில் 22. தெருவில் நின்று கார் கழுவுகிறவர் மாட்டுவார். பத்தடி மதில் சுவருக்குப் பின்னால், சொந்த போர்வெல்லில் ராத்திரி ஸ்பிரிங்க்ளர் போடுகிறவரை யார் எட்டிப் பார்ப்பது? ஆனாலும் உத்தரவை வெறும் பேப்பர் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கா வீட்டு அசோசியேஷனில் பல வருடமாகக் கேட்டும் நடக்காத ஒரு காரியம் பத்து நாளில் நடந்தது. வளாகத்துச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். அதுவரை அதை சாக்கடையில் விட்டுவிட்டு, காவிரியைச் செடிக்குப் பிடித்திருக்கிறார்கள். கப்பன் பார்க் மரங்களுக்கு ஏற்கனவே அப்படிச் சுத்திகரித்த தண்ணீர்தான். அந்த வருடம் ஐ.பி.எல். மேட்ச்சுக்கு சின்னசாமி ஸ்டேடியப் புல்லுக்கும் சுத்திகரித்த நீர்தான் என்று ஆனது.

கிரிக்கெட் புல்லுக்கு இது முதல் பஞ்சாயத்து இல்லை. 2016 ஏப்ரலில் மராட்டியத்தில் லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போனது. அதே வாரம் பம்பாய் உயர் நீதிமன்றம், ஏப்ரல் 30-க்குப் பிறகு மகாராஷ்டிராவில் ஐ.பி.எல். கூடாது என்று உத்தரவிட்டது. பைனல் மும்பையிலிருந்து மாறியது. எங்கே மாறியது? பெங்களூருக்கு!

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகிய விஷயம். மெல்போர்னில் 2007 ஏப்ரலில் '3ஏ' கட்டுப்பாடு வந்தபோது புல்தரைக்குத் தண்ணீரே கூடாது, செடிகளுக்கு வாரம் இரண்டு நாள், குறித்த மணி நேரம். கலிபோர்னியாவில் 2015 ஏப்ரல் 1-ல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் நகரங்கள் 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்றார், 5 கோடி சதுர அடிப் புல்தரையை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைக்கச் சொன்னார். விவசாயத்தை அந்த உத்தரவில் சேர்க்கவில்லை, அதற்காகத் திட்டு வாங்கினார். நம் ஊரில் வரிசை தலைகீழ். வயலுக்கு அக்டோபரில் நின்றது, புல்லுக்கு மார்ச்சில்.

இதைச் சொன்னதும் "கன்னடக்காரன் அப்படித்தான்" என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003-04-ல் சென்னையில் குழாய் தண்ணீரே நின்றது. நிறுத்தி வைக்க ஒன்றும் இல்லாததால் தோட்டத்துக்குத் தடை என்ற பேச்சுக்கே இடமில்லை. 2004-ல் வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு சென்னைக்குத் தண்ணீர் எடுத்தோம். வீராணத்துக்கு வருவது கீழணை வழியாக வரும் காவிரிதான். அதை நம்பி வயல் வைத்திருப்பவர்களும் எங்கள் அண்ணன் மாதிரி ஆட்கள்தான். 2019 ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் சென்னைக்கு வந்தது. அந்த மாதத்திலும் சென்னையில் லாரி வாங்கிப் புல்லுக்கு ஊற்றிய பங்களாக்கள் உண்டு, வங்கி வேலையாகப் போனபோது என் கண்ணால் பார்த்தேன். (கொச்சியில் நான் குடிக்கிற பெரியாற்றின் இன்னொரு பக்கத்துத் தண்ணீர் தேனிக்கும் மதுரைக்கும் போகிறது. அது தனி சண்டை, இன்னொரு நாள்.)

2025 பிப்ரவரியில் பெங்களூர் வாரியம் அதே தடையை மறுபடி போட்டது. அதே 5,000, அதே 500. ஐந்தாம் கட்டத் தண்ணீர் வந்து நாலே மாதம் ஆகியிருந்தது. அக்கா நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பினாள். கூடவே இன்னொரு போட்டோ: வளாகத்தில் இருந்த புல்லில் பாதியைப் பெயர்த்துவிட்டுக் கல் பதித்திருந்தார்கள். மீதிப் பாதிக்கு ஊதா நிறக் குழாயில் சுத்திகரித்த தண்ணீர். நாற்றம் அடிக்கிறது என்று இரண்டாவது மாடிக்காரர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாராம். அந்த வருடம் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தது. அண்ணன் விதை விட்டுவிட்டார்.