எரித்த சக்தியை ஆற்றுதல்: கண்டிப் பத்தினியும் மிகுபுனைவின் அறமும்

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) மிகுபுனைவு நாவலில் பெரும் சக்தி கொண்ட மோதிரம் நல்லவர் கைக்குப் போனாலும் அவரைக் கெடுத்துவிடும். காண்டால்ஃபும் கலாட்ரியேலும் அதை மறுப்பது அதனால்தான். நாட்டைக் காக்க அதைக் கையாளலாம் என்று வாதிட்ட போரோமிர் அதற்கே இரையாகிறான். எரிமலையில் இட்டு அழிப்பதொன்றே வழி. இத்தகைய சக்தியை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கண்ணகி கதையும் கண்டியில் பத்தினியாக அவளுக்கு நிகழும் வழிபாடும் வேறு விடை தருகின்றன: அறத்தின் பொருட்டு எழுந்த சக்தியை அழிக்க வேண்டியதில்லை, ஆண்டுதோறும் ஆற்ற வேண்டும்.

கண்ணகி கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில், மோதிரத்தின் சௌரோனைப் போன்ற தீமையின் தலைவன் இல்லை. பாண்டியன் கொடியவன் அல்லன்; கண்ணகியின் கணவன் கோவலனுக்கு ஆராயாமல் கொலைத் தீர்ப்பளித்தவன், பிழை உணர்ந்த கணமே உயிர்விட்டவன். பொற்கொல்லன் வஞ்சகன்தான், ஆனால் அவன் பொய்யைக் கொலையாக்கியது அரச ஆணை. கோவலன் சாவை அவனது முற்பிறப்பு வினையோடு முடிச்சிடுகிறது மதுராபதித் தெய்வம். தீமை எவரிடமும் முழுதாகக் குவியவில்லை. கண்ணகி மதுரைக்கு இட்ட தீக்கும் வரம்புண்டு: அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடுமாறு அவள் ஏவுகிறாள். மோதிரம் இத்தகைய ஏவலுக்குக் கட்டுப்படாது.

ஆயினும் வரம்பிட்ட சீற்றமும் வரம்பு மீறுகிறது. அவளைக் குளிர்விக்கப் பாண்டிய மன்னன் வெற்றிவேற் செழியன் கொற்கையில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும். ஒருவன் குற்றத்துக்கு ஒரு குலமே பலியாயிற்று. டோல்கீனின் அச்சம் இங்கே மெய்யாகிறது. ஆனால் அதே பகுதியில் இலங்கைக் கயவாகுவும் வருகிறான். அவன் கோட்டம் எழுப்பி, ஆடியில் பலமுறை விழா எடுக்கிறான். மழை இரு நாட்டிலும் பெய்கிறது. கொலையின்றியும் தெய்வம் குளிரும் என்பதற்கு நூலுக்குள்ளேயே சான்று இருக்கிறது.

கயவாகு பத்தினியின் சிலம்பை இலங்கைக்குக் கொணர்ந்ததாக ராஜாவலிய சொல்கிறது. கண்டியில் ஆண்டுதோறும் நடக்கும் எசல பெரஹரா விழாவில் தலதா மாளிகை, நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களை அடுத்துப் பத்தினி தேவாலய ஊர்வலம் வருகிறது. இறுதியில் கெட்டம்பேயில் நீர்வெட்டுச் சடங்கு. தேவாலயப் பூசகரான கப்புராளை மகாவலி ஆற்றுக்குள் இறங்கி வாளால் நீரில் வட்டமிடுகிறார்; சென்ற ஆண்டு நீரை ஆற்றில் விட்டு, வெட்டிய இடத்தில் குடத்தை நிரப்பிக்கொள்கிறார். வாள் பட்ட நீர் அக்கணமே கூடிவிடுகிறது. இச்சடங்குக்கு வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் காயம் உண்டாக்காத இந்த வெட்டைக் கொற்கைப் பலிக்கு எதிரில் வைத்தே நான் வாசிக்கிறேன்.

மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் விரிவான நூலாக்கிய பத்தினி வழிபாட்டில், அம்மை கண்டால் வேண்டப்படுபவளும் அவளே. மட்டக்களப்பில் வைகாசியில் அவளுக்குக் குளிர்த்தி பாடுவர். நகரை எரித்தவளிடமே வெம்மை தணிக்கக் கேட்கிறார்கள்.

மோதிரம் ஒருமுறை உருகியதும் அதன் சக்தி ஒழிகிறது. கெட்டம்பேக் குடத்து நீரோ ஓராண்டுக்குத்தான். சக்தியைத் தீர்த்துவிட்டோம் என்று இவ்வழிபாடு ஒருபோதும் சொல்வதில்லை. அடுத்த எசலவில் மீண்டும் ஆற்றில் இறங்க வேண்டும் என்கிறது.