துஸுர்: மரக்கலத்தின் கசிவும் ஒரு சொல்லின் பொருளும்

நபி நூஹ் (அலை) அவர்களின் மரக்கலத்தைத் திருக்குர்ஆனின் அல்கமர் அத்தியாயம் (54:13) இரண்டே பொருள்களைக் கூறிச் சுட்டுகிறது. ஒன்று பலகைகள், மற்றொன்று ‘துஸுர்’. இந்த இரண்டாவது சொல்லை ‘ஆணிகள்’ என்றே நாம் படித்தும் பாடம் நடத்தியும் பழகியிருக்கிறோம். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ள விளக்கமும் அதுவே. ஆயினும் கப்பலின் முன்பகுதி என்றும் விலாச்சட்டங்கள் என்றும் பொருள் கொண்ட விரிவுரையாளர்கள் உண்டு. அரபு அகராதி அறிஞர்களோ, பலகைகளை இறுக்கிக் கட்டும் நார்க்கயிறு என்ற பொருளையும் ஆணிக்கு அருகிலேயே வைத்திருக்கின்றனர். இரும்பாணியும் தென்னை நாரும் ஒரே சொல்லுக்குப் பொருளாவது எங்ஙனம்? இதற்கான விடையில் ஒரு பாதி அகராதியில் இருக்கிறது. மறுபாதி, கப்பலுக்குள் நீர் புகாமல் காத்த தச்சர்களின் தொழிலில் இருக்கிறது என்பது நமது கருத்து.

‘தஸர’ என்ற வினைக்கு வேகத்துடன் தள்ளுதல், நெருக்கிச் செலுத்துதல் என்பது மூலப்பொருள். அம்பருக்கு ஸகாத் உண்டா என்ற வினாவிற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அளித்த விடையில், கடல் வெளியே தள்ளிய பொருள் என்று அதனைக் குறிக்க இந்த வினையையே கையாண்டுள்ளார்கள். எனவே ‘திஸார்’ (இதன் பன்மையே துஸுர்) என்பது இன்ன உலோகம், இன்ன நார் என்பதைக் காட்டிலும், அழுத்திச் செலுத்தப்பட்டது என்பதையே முதன்மையாகக் குறிக்கும். ஆணியும் மரத்துக்குள் செலுத்தப்படுவதுதான். நாரும் பலகை இடுக்கினுள் செலுத்தப்படுவதுதான்.

இதற்குக் கண்கண்ட சாட்சியாக நிற்பவர் அந்தலூஸ் பயணி இப்னு ஜுபைர். ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட அவர் 1183இல் செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த ஐதாப் துறையிலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்தார். அங்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ‘ஜல்பா’ என்ற மரக்கலத்தை அவர் கூர்ந்து நோக்கியிருக்கிறார். அதில் ஓர் ஆணியும் இல்லை. ‘கின்பார்’ எனப்படும் தென்னை நாரைத் தட்டி, நூலாக்கி, கயிறாகத் திரித்து அதனைக் கொண்டே பலகைகளைத் தைக்கின்றனர். மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வருவன. பின்னர் இடுக்குகளில் பேரீச்ச மரத்தின் சிம்புகளைச் செருகுகின்றனர். இச்சிம்புகளை அவர் அழைக்கும் பெயர்தான் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது: துஸுர்! இறுதியாக நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுகின்றனர். இவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். பவளப்பாறைகள் நிறைந்த கடலில் மரம் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும் என்பதே எண்ணெய் பூசுவதன் நோக்கம் என்ற காரணத்தையும் எழுதியுள்ளார். பயணிகளைக் கூண்டுக் கோழிகளைப் போல் அடைத்த கப்பல் உடைமையாளர்கள் மீது அவருக்குக் கடுஞ்சினம் உண்டு. அச்சினத்திற்கிடையிலும் தொழில்நுட்பத்தைப் பிசகின்றிப் பதிவு செய்தது அவருடைய பெருமை.

தைத்த கப்பலில் கசிவு என்பது எப்போதோ நேரும் விபத்து அன்று. அன்றாடம் எதிர்கொள்ள வேண்டிய நிலை. காற்று சாதகமற்ற பருவத்தில் கரையேற்றி வைத்த கலத்தின் பலகைகள் வெயிலில் உலர்ந்து சுருங்கும். இடுக்குகள் வாய் திறக்கும். மீண்டும் நீரில் இறக்கினால் முதலில் நாலாபுறமும் கசியும். மரமும் நாரும் ஊறிப் பருத்த பின்னர்ப் பெரும்பகுதி தானே அடைபடும். எஞ்சிய கசிவைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் தச்சனின் திறமை வெளிப்படும். நீர் தேங்கி நிற்கும் இடம் வேறு. அது புகுந்த இடம் வேறு. முன்புறத் தையல் துளை ஒன்றில் நுழைந்த நீர், பலகையின் உட்புறமாக வழிந்து, சட்டங்களுக்கு அடியில் ஊர்ந்து, பின்புறப் பள்ளத்தில் போய்ச் சேரும். ஆகவே நீரை இறைத்து உட்புறத்தைத் துடைத்துவிட்டு, மீண்டும் ஈரம் அரும்பும் இடம்வரை மேல்நோக்கிச் செல்ல வேண்டும். இதற்கு நேர்மாறான எளிய வழியும் ஒன்றுண்டு. வற்றத்தில் கலத்தைத் தரைதட்ட நிறுத்தி, உள்ளே தேங்கிய நீரை இறைக்காமல் வைத்திருந்தால், அந்நீர் வந்த வழியே வெளியே சொட்டி ஓட்டையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கசிந்த நீர் வந்து கூடும் அந்தப் பள்ளத்திற்கு அரபியில் ‘ஜம்மா’ என்று பெயர். இது கலப்பற்ற தூய அரபுச் சொல் என்று அகராதி அறிஞர்கள் சான்றளித்திருக்கிறார்கள். அபுல் ஃபஸ்ல், அக்பர் காலத்துக் கப்பல் பணியாளர்களை ‘ஆயினே அக்பரீ’யில் வகைப்படுத்தும்போது, நாகூதா, முஅல்லிம் ஆகியோருடன் ‘கும்தீ’ என்ற கூலியாளையும் குறிப்பிடுகிறார். கப்பலுக்குள் கசிந்த நீரை இறைத்துக் கொட்டுவதே இவருடைய பணி. அதற்கெனத் தனி ஆள் வைக்குமளவுக்குக் கசிவு இயல்பானதாக இருந்தது என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

இத்தனை தொல்லைக்கு ஆணியடித்திருக்கலாமே என்று கேட்கலாம். இக்கேள்விக்கு ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டிலேயே அல்மஸ்ஊதீ விடை தேடியிருக்கிறார். இக்கடலின் நீர் இரும்பை அரித்துக் கரைத்துவிடுகிறது. ஆதலால் நாரால் தைத்துக் கொழுப்பும் சுண்ணாம்பும் பூசுகின்றனர் என்பது அவர் கூற்று. உப்புநீர் எங்கும் இரும்பை அரிக்கத்தான் செய்யும். ரோமர்களின் கடலில் மட்டும் ஆணி எங்ஙனம் நிலைத்தது என்பதற்கு இதில் நிறைவான பதில் இல்லை. அதனினும் இப்னு ஜுபைர் கூறிய நெகிழ்வே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அபூ ஸைத் அஸ்ஸீராஃபீ, திமிங்கில எண்ணெயைப் பிற பொருள்களுடன் கலந்து தையல் இடுக்குகளை அடைத்த செய்தியையும் தந்துள்ளார். சீனர்கள் வேறு வழி கண்டனர். கப்பலின் வயிற்றைக் குறுக்குச் சுவர்களால் அறைகளாகப் பிரித்தனர். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் பரவாது. கசிவு எங்கே என்ற தேடலும் அந்த அறையோடு சுருங்கிவிடும். மார்க்கோ போலோ வருணித்த இந்த அமைப்பு கட்டுக்கதையன்று. ஸைத்தூன் என்று அரபியர் அழைத்த சுவான்சௌ துறையில் 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பலில் 12 சுவர்களும் 13 அறைகளும் இருந்தன.

மூஸா (அலை), கிள்ர் (அலை) ஆகியோரின் வரலாற்றிலும் கசிவு அடைத்தல் உண்டு. கிள்ர் அவர்கள் பலகையொன்றைப் பெயர்த்துப் பழுதாக்கிய கலத்தை, அரசனின் ஆபத்து நீங்கியதும் உரியவர்கள் செப்பனிட்டுக்கொண்டனர் என்பது புகாரீயில் காணப்படும் செய்தி. அடைத்தது ‘காரூரா’வைக் கொண்டு என்பர் சிலர், ‘கார்’ கொண்டு என்பர் சிலர். பின்னது கீல், அதில் சிக்கலில்லை. முன்னது கண்ணாடிக் குப்பி! குப்பியால் கப்பலை எப்படி அடைப்பது? ஓட்டைக்குச் சரியான அளவுள்ள குப்பியைச் செருகியிருக்கலாம். அல்லது கண்ணாடியைப் பொடித்து மாவு போன்ற ஒன்றுடன் குழைத்துப் பூசியிருக்கலாம் என்று விளக்கவுரையாளர்கள் வழி சொல்லியுள்ளனர். குழைத்துப் பூசுதல் என்ற கருத்து தச்சர் வழக்கத்துக்கு நெருக்கமானது. ஒலி ஒப்புமையால் ஒரு சொல் மற்றொன்றாகச் செவியில் விழுந்திருக்கவும் கூடும்.

இனி, தொழிலின் பெயரைப் பார்ப்போம். ‘கலஃபஸ் ஸஃபீனா’ என்ற தொடருக்கு, பலகைகளை நாரால் தைத்து இடைவெளிகளில் கீல் வைத்தல் என்று ‘லிஸானுல் அரப்’ ஆசிரியர் இப்னு மன்ளூர் (மறைவு 1311) பொருள் தருகிறார். தைப்பதும் அடைப்பதும் அங்கே ஒரே வினை! குவைத்தில் கப்பல் கட்டும் தச்சருக்கே ‘கல்லாஃப்’ என்றுதான் பெயர். கட்டுவோன் என்றல்ல, அடைப்போன் என்றே ஊர் அவரை அழைத்தது. இச்சொல்லுக்கு உறவான ‘கல்ஃபத்’ மத்தியதரைக் கடல் மொழிகள் பலவற்றிலும் வழங்குகிறது. 1041இல் பைஸாந்தியத்தில் முடிசூடிய ஐந்தாம் மிகாயேல், கசிவு அடைக்கும் தொழிலாளியின் மகன் என்பதால் ‘கலஃபாத்தேஸ்’ என்றே வரலாற்றில் இடம்பெற்றார். அரபு முந்தியதா, கிரேக்கம் முந்தியதா என்பதில் அறிஞர்களுக்கிடையே வழக்கு தீரவில்லை. நம் கடற்கரைத் தோணித் தச்சர்கள் பஞ்சும் நாரும் வைத்து இடுக்கடைப்பதைக் ‘கலப்பத்து’ என்றும் ‘கல்பாத்து’ என்றும் கூறுவதும் இக்குடும்பத்துச் சொல்லே.

துஸுருக்கு ஆணி என்ற பொருள் தவறு என்பது நமது வாதமன்று. நூஹ் (அலை) அவர்களின் கலம் தைக்கப்பட்டது என்று சொல்லவும் நமக்கு ஆதாரமில்லை. அச்சொல்லை முதலில் செவியுற்ற மக்காவாசிகளின் மனக்கண்ணில் எத்தகைய கப்பல் தோன்றியிருக்கும் என்பதே வினா. நபி (ஸல்) அவர்களுக்கு முப்பத்தைந்து வயதானபோது குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்தனர். ஜித்தாக் கரையில் ஒதுங்கிச் சிதைந்த ரோம வணிகர் ஒருவரின் கப்பல் மரங்களைக் கூரைக்கு எடுத்துக்கொண்டனர் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். ரோமர் கப்பல் ஆணியடித்த கப்பல். செங்கடல் ஜல்பாவோ நார் தைத்த கப்பல். ஒன்றை உடைத்து மரம் எடுத்தவர்கள், மற்றொன்று வந்துபோகும் கடலின் கரையிலும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு துஸுர் என்றால் பலகைக்குள் அறையப்பட்ட ஆணியாகவும் இருக்கலாம்; பலகைகளுக்கிடையே திணிக்கப்பட்ட நாராகவும் இருக்கலாம்.