ஓம் விதி பொய்க்கவில்லை

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பேரன் சென்ற மாதம் ஒரு பவர் சப்ளை பெட்டி வாங்கி வந்தான். அதில் இரண்டு குமிழ்கள். ஒன்று வோல்ட்டுக்கு, மற்றது ஆம்பியருக்கு. முதலாவதை 12-இலும் இரண்டாவதை 1-இலும் வைத்து, 4 ஓம் தடை ஒன்றை இணைத்தான். 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3 ஆம்பியர் வரவேண்டும். பெட்டி காட்டியதோ 1 ஆம்பியர்தான். "பெட்டி கெட்டுப்போச்சு தாத்தா, கடையில் மாத்திட்டு வரணும்" என்று கிளம்பிவிட்டான்.

எனக்கு என் பள்ளி நினைவு வந்தது. புதுவையில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஓம் விதியோடு எங்களுக்குப் பூயே விதி என்றும் ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பொருள் அன்று விளங்கவில்லை, மனப்பாடம் செய்து ஒப்பித்தேன்.

கேயார்க் சீமோன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1825-இல் வோல்ட்டா அடுக்கு என்னும் பழைய மின்கலத்தை வைத்துச் சோதனை செய்தார். அந்தக் கலம் சீராக நிற்கவில்லை. இணைத்த சிறிது நேரத்திலேயே சோர்ந்துவிடும். அதனால் அவர் முதலில் வெளியிட்ட சூத்திரமே தவறாகிப் போனது. பிறகு பொகென்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியரின் யோசனைப்படி வெப்ப மின்கலத்துக்கு மாறினார். பிஸ்மத், செம்பு இரண்டும் சேரும் இணைப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். மின்னழுத்தம் அசையாமல் நின்றது. வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்துப் பார்த்து, 1826-இல் சரியான விதியைக் கண்டார்.

அந்தச் சூத்திரத்தில் வெளியே உள்ள கம்பியின் தடை மட்டுமல்ல, மின்மூலத்தின் உள்ளே இருக்கும் தடையும் சேர்ந்தே இருந்தது. 1827-இல் புத்தகமாக வந்தபோது சொந்த நாட்டில் மதிப்பார் இல்லை. மனம் நொந்து வேலையை விட்டார். 1833-இல்தான் நூரன்பெர்க்கில் ஒரு பதவி கிடைத்தது. பாரிஸில் குளோட் பூயே தம் சோதனைகளின் வழியே அதே முடிவுக்கு வந்து 1837-இல் வெளியிட்டார். அகத்தடையையும் சேர்த்த முழுச் சுற்றின் விதிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரை இட்டது இதனால்தான். லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் அளித்து ஓமைக் கௌரவித்தது. மியூனிக்கில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852-இல். இரண்டே ஆண்டில் காலமானார். ஓம், வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளை 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு ஏற்றபோது அவர் இல்லை.

சரி, பேரனின் பெட்டிக்கு வருவோம். சாதாரண மின்கலத்திலும் ஒரு வரம்பு உண்டு. உள்ளே அரை ஓம் தடையுள்ள 1.5 வோல்ட் கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்தாலும் 3 ஆம்பியருக்கு மேல் வராது. அந்த சக்தி பெரும்பாலும் உள்ளேயே சூடாகி வீணாகும். இன்றைய பெட்டி வேறு வழியில் அதைச் செய்கிறது. மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருந்து, வரம்பைத் தொட்டதும் தன் மின்னழுத்தத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது. கருவூலத்தில் பில் எத்தனை ரூபாய்க்குப் போட்டாலும் ஒதுக்கீட்டுக்கு மேல் ஒரு பைசா வராது அல்லவா, அந்தக் கதைதான்.

"ஆம்பியரை மட்டும் பார்த்தாயே, வோல்ட் எத்தனை காட்டுது பார்" என்றேன். குனிந்து பார்த்தான். 12-இல் வைத்த வோல்ட் 4-க்கு இறங்கியிருந்தது. 4-ஐ 4-ஆல் வகுத்தால் 1. விதி அப்படியே நின்றது. குமிழ் காட்டும் 12 என்பது உச்சவரம்பு. அது கிடைத்தே தீரும் என்ற உறுதி அல்ல. 4 ஓமை எடுத்துவிட்டு 24 ஓமை இணைக்கச் சொன்னேன். இப்போது 12 வோல்ட்டும் நின்றது, மின்னோட்டம் அரை ஆம்பியர்.

பெட்டி கடைக்குப் போகவில்லை. பள்ளியில் பொருள் தெரியாமல் ஒப்பித்த பூயே விதி எனக்கு விளங்கியது இந்த எழுபதைத் தாண்டிய வயதில்தான். அன்று அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஆசிரியரிடம் இதைச் சொல்ல ஆசை. அவரும் இப்போது இல்லை.