ஏரி விழுங்கிய தெருவும் கடல் விழுங்கிய ஊர்களும்

சூக் நகரில் ஏரிக்கரையோரமாக நடந்தால், ஓரிடத்தில் கரை உள்வாங்கிச் சின்னக் குடாபோல வளைந்திருப்பதைக் காணலாம். கோடை காலத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. அந்த இடத்தின் பெயர் 'கட்டாஸ்ட்ரோஃபன்புக்ட்', அதாவது அனர்த்தக் குடா. இந்த ஊரில் வேலை செய்யும் நம்மவர்கள் பலரிடம் ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

1887 யூலை 5. ஏரியை ஒட்டியிருந்த 'ஃபோர்ஸ்டாட்' என்ற பகுதியில் பிற்பகலில் சில வீடுகள் தண்ணீருக்குள் சரிந்தன. மாலையில் இன்னொரு பெரிய துண்டு போனது. மொத்தம் 35 கட்டடங்கள் அழிந்தன, 11 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 650 பேர் வீடிழந்தார்கள். அந்தக் கரையின் அடிநிலம் பாறை அல்ல, ஏரி கொண்டுவந்து சேர்த்த மென்மையான சேற்று மணல். அதன்மேல் புதிய கரைச்சுவர் கட்டுவதற்காக மரத்தூண்களை அடித்து இறக்கினார்கள். நீர் ஊறிய நுண்மணலை அதிரவைத்தால் அது மண்ணாக நிற்காது, கஞ்சி மாதிரி ஓடும். பொறியியல் படித்தவன் என்பதால் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். புவியியலாளர் அல்பேர்ட் ஹைம் அடுத்த வருடமே வேறு இருவருடன் சேர்ந்து இதைப்பற்றி அறிக்கை எழுதினார். இத்தனைக்கும் 1435 இலேயே இதே ஊரின் ஒரு தெரு ஏரிக்குள் போய் 60 பேர் இறந்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது மண்ணைப்பற்றி அல்ல. வீடிழந்த அந்த 650 பேருக்கு என்ன நடந்தது என்பதைப்பற்றி. நாடு முழுவதிலுமிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அவர்களுக்குப் பணம் வந்தது. இன்றைக்கு இது நமக்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடினால், அதுவும் சூக்கிற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

தெசின் பக்கம் ரயிலில் போகும்போது ஆர்த்-கோல்டாவ் என்ற நிலையம் வரும். அதற்கு மேலே நிற்பது ரொஸ்பேர்க் மலை. அதன் உச்சிதான் சூக் கன்டோனின் மிக உயரமான இடமும்கூட. 1806 செப்டெம்பர் 2 ஆம் திகதி, கனமழைக்குப் பிறகு, அந்த மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்து கோல்டாவ் கிராமத்தை மூடியது. 457 பேர் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் வீடு எரிந்தவர்களும் வெள்ளத்தில் இழந்தவர்களும் அதிகாரிகளிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தர்மம் கேட்பார்கள். இவர் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர், பிச்சை கேட்க உரிமையுண்டு என்று அந்தக் கடிதம் சொல்லும். யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்தவர்தான் நடக்கவேண்டும், அவர்தான் தன் கதையை ஒவ்வொரு வாசலிலும் சொல்லவேண்டும். கோல்டாவ் அனர்த்தத்தின்போது அது மாறியது. அப்போது நாட்டின் தலைவராக இருந்த அந்திரயாஸ் மேரியான் எல்லாக் கன்டோன்களிடமும் உதவி கேட்டார். சுவிஸ் முழுவதும் சேர்ந்து செய்த முதல் நிவாரணச் சேகரிப்பு என்று வரலாற்றாசிரியர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

1946 இல் லோசான் வானொலியில் தொடங்கிய 'குளுக்ஸ்கெற்ற' அந்த வழியில் வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் நீங்களும் அதற்குக் காசு சேர்த்திருப்பீர்கள். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்த அமைப்புக்கு வந்தது 227 மில்லியன் பிராங். அதற்கு முன் சுவிஸ் மக்கள் எந்த அனர்த்தத்திற்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

அந்த நாட்களில் எனக்குப் பதின்ம வயது. தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் உடுப்புப் பெட்டி கட்டினோம். ஒரு மூலையில் பனிக்காலக் கோட்டுகள் மலைபோலக் குவிந்தன. பொறுப்பாக நின்ற அன்ரி ஒரு கோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முல்லைத்தீவில என்ன பனியே கொட்டுது?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தோம். அவ சிரிக்கவில்லை. அவவுடைய சொந்தக்காரர் யாரிடமிருந்தும் அதுவரை தொலைபேசி வந்திருக்கவில்லை.

இலங்கையில் 35,000 பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். வடக்கும் கிழக்கும் மிக மோசமாக அடிபட்டன. உலகம் முழுவதும் பணம் கொடுக்கத் தயாராக இருந்தது. அந்தப் பணத்தை யார் கையால் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் சிக்கியது. அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து நிவாரணத்தைப் பகிர்வதற்கான பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் 2005 யூன் 24 இல்தான் கைச்சாத்தானது. கடல் வந்து ஆறு மாதங்களுக்குப் பிறகு! மூன்றே வாரங்களில், அதன் முக்கிய பகுதிகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அது கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. நம் வீடுகளில் இதைப்பற்றிப் பெரியவர்கள் கதைக்கும்போது குரல் உயரும். ஏன் உயர்கிறது என்று இப்போது உங்களுக்கு விளங்கும். கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றருக்குள், வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற விதியும் அப்போது வந்தது. மீனவனைக் கடலிலிருந்து தூரப் போ என்று சொன்னால் அவன் எங்கே போவான்? பின்னர் அதைத் தளர்த்தவேண்டி வந்தது.

இந்தக் குழப்பத்துக்குள் எனக்குப் பிடித்த ஒரு வேலையும் நடந்தது. சுவிஸ் அரசின் அபிவிருத்தி உதவி நிறுவனம், சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம், ஹெக்ஸ், குளுக்ஸ்கெற்ற நான்கும் சேர்ந்து திருகோணமலையிலும் மாத்தறையிலும் வீடு திருத்தவும் திரும்பக் கட்டவும் உதவின. இவர்கள் வீட்டைக் கட்டிச் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. குடும்பத்தின் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். முதல் கட்டம் முடிந்தால் அடுத்த தவணை வரும். மேசனை யார் என்று தீர்மானிப்பதும், குசினி எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதும் அந்தக் குடும்பம்தான். காசாகக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று சொல்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் எனக்கு அந்தப் பழைய பிச்சைக் கடிதத்தை நினைவூட்டுகிறது. கதவில்லாத வீட்டில் பிள்ளைகளோடு படுப்பவருக்கு முதலில் எது வேண்டும் என்பது பேர்னில் இருப்பவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு விசயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1983 க்குப் பிறகு நம் பெற்றோர் சிலர் சுவிசுக்கு வந்த அதே காலத்தில், அவர்களைவிடக் கையில் காசு குறைந்தவர்கள் படகில் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அங்கே முகாம்களில் இருந்த அகதிகளுக்காக, தந்தை செல்வாவின் மகன் எஸ். சி. சந்திரகாசன் 1984 இல் 'ஓஃபர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஈழ ஏதிலியர் புனர்வாழ்வு அமைப்பைத் தொடங்கினார். அதில் வேலை செய்தவர்களும் அகதிகளே. முகாம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவரும் மருந்து கொடுத்தவரும் மனநல ஆலோசனை சொன்னவரும் அதே முகாம்களில் இருந்து வந்தார்கள்.

அதே ஆழிப்பேரலை தமிழ்நாட்டையும் அடித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது அந்த முகாம்களிலிருந்து ஓஃபர் தொண்டர்கள் கடற்கரைக் கிராமங்களுக்குப் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரோடு உட்கார்ந்து கதைக்க அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, அனுபவமும் இருந்தது. இருபது வருடமாக அந்த மண்ணில் வாழ்ந்தும் அவர்களுக்குக் குடியுரிமை இல்லை. தங்களை ஏற்றுக்கொண்ட ஊரின் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணப் பணி செய்துவிட்டு, திரும்பவும் முகாமுக்கே போய்ப் படுத்தார்கள்.